முதல் போட்டிக்கு முன் எட்டு வாரம்: டெல்டாவில் ரக்பி பழக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

என்னிடம் ரக்பி பழக வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் கபடியில் ஊறியவர்கள். வடுவூரைப் போலக் கபடிக்கென்றே பெயர்பெற்ற ஊர்கள் உள்ள மண்ணில் இது இயல்பே. எதிரே வரும் உடலுக்கு அஞ்சாமல் நிற்பதும், தாழ்ந்து பாய்ந்து பிடிப்பதும், விழுந்த வேகத்தில் எழுவதும் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. அந்தப் பழக்கமே ரக்பியின் முதல் சில வாரங்களில் அவர்களைக் காயப்படுத்தக்கூடும் என்பதை நான் காலந்தாழ்த்தித்தான் உணர்ந்தேன். நாங்கள் அணி தொடங்கிய முதல் ஆண்டில், பயிற்சியின் இரண்டாம் வாரத்திலேயே, கோடையில் காய்ந்து வெடித்திருந்த களிமண் தரையில் முழு வேகத்தில் மோதிப் பிடிக்கும் பயிற்சியை நடத்தினேன். கபடியில் நல்ல பிடிகாரன் என்று ஊரறிந்த ஒரு பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவனுக்குத் துணிவு நிறைய இருந்தது. விழும் முறையை நான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. கீழே எழுதியிருப்பது அதன்பின் நாங்கள் மாற்றி அமைத்துக்கொண்ட ஆயத்தப் பயிற்சியின் முறை. புதிதாக ஒரு கிளப்பில் சேர்பவர்களுக்கும், ஊரில் ஓர் அணியைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

ரக்பியில் அணிக்கு 15 பேர் ஆடும் வடிவம் உண்டு; அணிக்கு 7 பேர் ஆடும் செவன்ஸ் வடிவமும் உண்டு. முன்னது பாதிக்கு 40 நிமிடமாக 80 நிமிடம்; பின்னது பாதிக்கு 7 நிமிடமாக 14 நிமிடம். 2016 முதல் ஒலிம்பிக்கில் ஆடப்படுவதும், 2025-இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி வென்றதும் செவன்ஸ் வடிவத்தில்தான். சிற்றூர்களில் முப்பது பேரைத் தொடர்ந்து பயிற்சிக்கு வரவழைப்பது கடினம் என்பதால், புதிய அணி செவன்ஸில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டுக்கும் மைதானம் ஏறக்குறைய ஒன்றே: 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம் வரை. ஆண்கள் கபடியின் 13-க்கு 10 மீட்டர் ஆடுகளத்தில் முப்பது நொடி பாடித் திரும்பிப் பழகிய உடல், இவ்வளவு பெரிய பரப்பில் ஏழு நிமிடம் நிற்காமல் ஓடும்போது முதல் நாளே திணறும். அதை யாரும் தன் குறையாக எண்ண வேண்டாம். அந்த மூச்சை வளர்ப்பதற்குத்தான் ஆயத்தப் பயிற்சி.

காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் போட்டியின் தேதி தெரிந்தவுடன் அதிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணித் தொடக்க நாளைக் குறியுங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால், டெல்டாவில் தை பிறந்தபின் தொடங்குவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரையில் ஈரம் மிச்சமிருக்கும். காலைப் பனியில் உடல் எளிதில் களைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாக நிற்கும். சித்திரை, வைகாசியில் தரை கல்லாகிவிடும்.

இடத்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். சம்பா அறுத்த வயல் வெறுமையாகத் தெரிந்தாலும், பல இடங்களில் அறுவடைக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள் என்பதால் உழவரைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள். தாள் குத்தும் வயலில் விழும் பயிற்சி எப்படியும் ஆகாது. ஆற்று மணல் விழுவதற்கு மெத்தென்று இருக்கும்தான். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாமல் மூடிக்கிடக்கும், தண்ணீர் திறந்துவிட்டால் ஓடிக் கரையேற நேரமிருக்காது. காவிரியிலோ கொள்ளிடத்திலோ பயிற்சி செய்வதாயின் கரையோர மேட்டு மணலில் மட்டும், பகல் வெளிச்சத்தில் மட்டும், முந்தைய நாள் கால்நடையாக நடந்து பார்த்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். அரசுப் பள்ளி மைதானம் கிடைத்தால் அதுவே மேல். பயிற்சிக்கு முன் அணி முழுவதும் வரிசையாக நடந்து கண்ணாடித் துண்டு, முள், கல் ஆகியவற்றைப் பொறுக்குவதை நாங்கள் ஒரு நாளும் விடுவதில்லை.

சேருமுன் முடிக்க வேண்டியவை

மருத்துவரிடம் ஒருமுறை உடலைக் காட்டுங்கள். ஓடும்போது மயங்கி விழுந்தது உண்டா, நெஞ்சு வலித்தது உண்டா, குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று இறந்தவர் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் மறைக்காமல் பேசுங்கள். வயல் மண்ணில் சிராய்ப்பு ஏற்படாமல் இந்த ஆட்டம் இல்லை. எனவே டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களாயின் பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். கிளப்பில் காப்பீடு உண்டா, முதலுதவி தெரிந்தவர் மைதானத்தில் இருப்பாரா என்று கேட்பது புதியவரின் உரிமை. கேட்டதற்கு முகம் சுளிக்கும் கிளப்பில் சேர வேண்டாம்.

செலவு அதிகமில்லை. ஸ்டட் வைத்த கால்பந்து ஷூ போதும். பற்களுக்கான மவுத் கார்டு மட்டும் கட்டாயம். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் வகை விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். மென்மையான தலைக்கவசம் காதுகளையும் தோலையும் காக்குமே தவிர மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அதை நம்பித் தலையை முன்னே கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆதலால் புதியவர்கள் அதை வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. மோதிரம், கைக்காப்பு, சங்கிலி, வெள்ளி அரைஞாண் ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: வெயிலும் மூச்சும்

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை 5.45 முதல் 7.15 வரை. டெல்டாவின் வெப்பத்தைவிட அதன் புழுக்கம்தான் ஆளை வீழ்த்தும்; நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே நிற்பதால் உடல் குளிர வழியில்லை. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்து பயிற்சியில் சேர்பவர்கள் முதல் வாரத்தில் மற்றவர்களுடன் போட்டியிட்டு ஓடவே கூடாது.

தண்ணீர்க் கணக்கை ஒரு தராசு சொல்லிவிடும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை சிறிது சிறிதாகக் குடித்து ஈடுகட்ட வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அன்று தண்ணீர் போதவில்லை என்று பொருள். உப்புப் போட்ட நீர்மோர் நன்று. அதிகம் வியர்ப்பவர்கள் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்து எடுத்து வரலாம். யாராவது தடுமாறி, பேச்சுக் குழறி, உடல் கொதித்துக் கிடந்தால், முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஏற்றிச் செல்ல வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தித் தலை முதல் கால் வரை தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் பம்ப்செட் ஓடினால் அந்தத் தொட்டியைவிட நல்ல மருந்து அந்த நேரத்தில் இல்லை. தலை நீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

மூச்சை அளக்க உலகெங்கும் ரக்பி அணிகள் பயன்படுத்தும் பிராங்கோ சோதனையை முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் செய்கிறோம். தொடக்கக் கோட்டிலிருந்து 20, 40, 60 மீட்டரில் அடையாளம் வையுங்கள். இருபதுக்கு ஓடித் திரும்பி, நாற்பதுக்கு ஓடித் திரும்பி, அறுபதுக்கு ஓடித் திரும்பினால் 240 மீட்டர். இடைவிடாமல் ஐந்து முறை செய்தால் 1,200 மீட்டர். சிறந்த ஆட்டக்காரர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பார்கள். உங்கள் நேரத்தை உங்கள் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு பயிற்சியையும் இருபது நிமிட ஆயத்த அசைவுகளுடன் தொடங்குங்கள். உலக ரக்பி அமைப்பு ஆக்டிவேட் என்ற பெயரில் இதற்கொரு வரிசையை இலவசமாகத் தந்திருக்கிறது: ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து மெல்லத் தரையிறங்குதல், திசை மாற்றி ஓடுதல், கழுத்தையும் தோளையும் வலுப்படுத்துதல். இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடையே பாத் பல்கலைக்கழகம் நடத்தி 2017-இல் வெளிவந்த ஆய்வில், இதை வாரம் மூன்று முறை செய்த அணிகளுக்குப் போட்டிக் காயங்கள் 72 விழுக்காடும் மூளை அதிர்ச்சிகள் 59 விழுக்காடும் குறைந்திருந்தன. ஊக்க மாத்திரையோ விலையுயர்ந்த கருவியோ தராத பயன் இது. ஆனாலும் புதியவர்கள் முதலில் தவிர்க்க நினைப்பதும் இதைத்தான்.

தண்டாலும் பஸ்கியும் நம் ஊரில் தெரியாதவர் இல்லை. அவற்றோடு இரண்டைச் சேருங்கள். முழங்காலிட்டு நிற்கையில் ஒருவர் பின்னாலிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெல்ல முன்சாயும் நார்டிக் பயிற்சி பின்தொடைத் தசை கிழிவதைப் பெரிதும் தடுக்கும். கழுத்துக்கு, நெற்றி, பிடரி, இரு பக்கம் என நான்கு திசையிலும் உங்கள் கையால் அழுத்தி, தலை அசையாதபடி பத்து நொடி எதிர்த்து நில்லுங்கள்.

வேலையையும் பயிற்சியாகக் கணக்கிட வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் நாள் முழுதும் நாற்பது கிலோ மூட்டைகளைச் சுமந்தவனை மறுநாள் காலையில் வேக ஓட்டத்துக்கு அழைப்பது தவறு. நடவு, அறுவடைக் காலங்களில் அப்படிப்பட்டவர்களுக்குப் பந்துப் பயிற்சி மட்டும் தருகிறோம்.

மூன்றாம், நான்காம் வாரம்: பந்தும் விழுதலும்

கையிலுள்ள பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும் என்ற விதி கைக்குப் பழக நாளாகும். நான்கு பேர் சாய்வு வரிசையில் ஓடி, பந்தை இரு கையாலும் பிடித்து, வாங்குபவரின் நெஞ்சுக்கு முன்னே எறியும் பயிற்சியைத் தினமும் கால்மணி நேரம் செய்யுங்கள். வாங்குபவர் கைகளை முன்கூட்டியே நீட்டி வைத்திருக்க வேண்டும். பந்து கையில் பட்டு முன்னே விழுந்தால் அது நாக்-ஆன், எதிரணிக்குப் போய்விடும். பிடிப்பதற்குப் பதிலாகத் தொட்டால் போதும் என்ற டச் ரக்பியை இந்த இரண்டு வாரமும் நிறைய ஆடுங்கள். ஓடும் கோட்டையும் நிற்கும் இடத்தையும் அது காயமின்றிக் கற்றுத்தரும்.

விழுவதற்கு மெத்தை வேண்டும். வைக்கோலை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, நான்கு ஓரமும் முளையடித்துக் கட்டினால் டெல்டாவில் செலவில்லாத மெத்தை தயார். சாக்கில் வைக்கோலைத் திணித்துக் கட்டினால் டேக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது, பழகும் பை. முதலில் முழங்காலிட்ட நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுங்கள்: பந்தை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்து, முகவாயை நெஞ்சில் ஒட்டி, தொடை, இடுப்பு, தோள் என்ற வரிசையில் தரை தொட வேண்டும். கையை ஊன்றக் கூடாது. மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். விழுந்ததும் உங்கள் அணிப் பக்கம் திரும்பிக் கையை நீட்டிப் பந்தை வையுங்கள். பிறகு குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்று, பிறகு நடந்து. நூறு முறை விழுந்தபின்தான் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கலாம் என்பது எங்கள் கட்டுப்பாடு.

ஐந்தாம், ஆறாம் வாரம்: பிடிப்பதும் விடுவதும்

ரக்பிக் காயங்களில் ஏறத்தாழப் பாதி டேக்கிளில்தான் நேர்கின்றன. எனவே இங்கே நிதானம் வேண்டும். கபடி ஆடியவர்கள் மூன்று பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, தலை இருக்கும் இடம். கபடியில் பாடி வருபவர் சில அடி தூரத்தில் பக்கவாட்டில் அசைந்துகொண்டிருப்பார். திரும்பும் நொடியில் கணுக்காலில் விழுந்து பிடிக்கிறோம். ரக்பியில் எதிராளி இருபது மீட்டர் ஓடி வந்த வேகத்தோடு நேரே வருகிறார். அதே பழக்கத்தில் கணுக்காலுக்குப் பாய்ந்தால் அவருடைய முழங்கால் உங்கள் நெற்றியில் இறங்கும். கண்ணை அவருடைய இடுப்பில் வையுங்கள். தோளாலும் கண்ணாலும் மனிதர் ஏமாற்றலாம், இடுப்பால் ஏமாற்ற முடியாது. நெருங்கும்போது காலடிகளைச் சுருக்கி, எந்தத் தோளால் பிடிக்கிறீர்களோ அந்தப் பக்கத்துக் காலை அவருக்கு அருகே ஊன்றி, கழுத்தை நேராகவும் பார்வையை மேலாகவும் வைத்து, தோளை அவர் தொடையில் பதியுங்கள். உங்கள் கன்னம் அவருடைய புட்டத்தின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். தலை அவர் ஓடும் திசைக்கு முன்னால் போய்விட்டால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்தி மீண்டும் செய்யச் சொல்லுவோம், பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இரண்டாவது, கைகள். இரு கைகளாலும் சுற்றி வளைத்தே பிடிக்க வேண்டும். வெறும் தோளால் இடித்துத் தள்ளுவது, கபடியில் டேஷ் என்பதைப் போன்றது, இங்கே தவறு. தோள் வரிசைக்கு மேலே பிடிப்பதும் தவறு. இங்கிலாந்து 2023 முதல் சமூக மட்ட ஆட்டங்களில் இந்த எல்லையை நெஞ்செலும்பின் அடி வரை தாழ்த்திவிட்டது. நாங்களும் பயிற்சியில் இடுப்புக்கு மேலே அனுமதிப்பதில்லை.

மூன்றாவதுதான் மிகக் கடினம். கபடியில் ஊதல் ஒலிக்கும்வரை விடாமல் பிடித்திருப்பவன் வீரன், துணைக்கு வரும் மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ரக்பியில் ஆள் தரையைத் தொட்டதும் பிடித்தவர் உடனே விட்டு விலக வேண்டும். விழுந்தவரும் பந்தை உடனே விட வேண்டும். மேலே விழுந்து அமுக்கினால் எதிரணிக்குப் பெனால்டி. சிறு வயது முதல் ஊறிய உணர்வை இது எதிர்க்கிறது. எங்கள் பையன் ஒருவன், “அண்ணே, புடிச்சத எப்படிண்ணே விடறது?” என்று உண்மையாகவே வருந்திக் கேட்டான். இதற்கென்று தனிப் பயிற்சி உண்டு: பிடித்து வீழ்த்தியதும் இரு உள்ளங்கைகளையும் விரித்து மேலே காட்டி, எழுந்து நின்று, பிறகே பந்தை எடுக்க வேண்டும். இரண்டு வாரம் செய்தால் பழகிவிடும்.

வேகத்தை ஏற்றும் வரிசை இது: இருவரும் முழங்காலில், பிடிப்பவர் முழங்காலிலும் வருபவர் நடையிலும், இருவரும் நடையில், மெல்லோட்டத்தில், ஆறாம் வாரக் கடைசியில் மட்டும் ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து அரை வேகத்தில். முழு மோதலை வாரத்துக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே உலக ரக்பி அமைப்பு 2021-இல் அறிவுறுத்தியது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் நம்மவர்களுக்கு அதற்கும் குறைவே போதும்.

விழுந்தவரின் மேலாக இரு அணியினரும் நின்றபடி தோள் கொடுத்துப் பந்துக்காகத் தள்ளுவது ரக். அதில் பின்புறத்திலிருந்து மட்டுமே நுழையலாம், பக்கவாட்டிலிருந்து கூடாது. இரு அணியின் முன்வரிசையினரும் குனிந்து தோள் பூட்டிப் பந்துக்காக எதிரெதிரே தள்ளும் ஸ்க்ரம்மை அனுபவமுள்ள பயிற்றுநர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கழுத்து முறியும் அபாயம் உள்ள இடம் அது. முன்வரிசைக்குப் பயின்றவர்கள் இல்லையென்றால் தள்ளாத ஸ்க்ரம் ஆட விதியில் இடமுண்டு.

தலையில் அடிபட்டால்

தலையில் அடி பட்டு, மயங்கினாலும் மயங்காவிட்டாலும், நிலை தடுமாறுவது, வெறித்துப் பார்ப்பது, தலைவலி, குமட்டல், எந்த அணியோடு ஆடுகிறோம் என்பது நினைவின்மை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவர் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. “ஒண்ணும் இல்லண்ணே, ஆடறேன்” என்பார். அதைக் கேட்கக் கூடாது. இரவு தனியாகத் தூங்க விடாமல் வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள். அவரே பைக் ஓட்டிச் செல்லக் கூடாது. வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ, கை கால் மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படிப்படியாக உடலை மீட்டு, மருத்துவரிடம் காட்டி, 21 நாள் கழிந்தபின்தான் போட்டி. கழுத்து வலிக்கிறது என்று ஒருவர் தரையில் கிடந்தால், நான்கு பேர் கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடும் நம் வழக்கம் அவரை ஆயுளுக்கும் படுக்கையில் தள்ளிவிடும். தலையை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, 108 வரும்வரை அவர் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

சாப்பாடு

பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரு பூவன் பழம், முடிந்ததும் பழைய சோறும் மோரும், இதில் குறையில்லை. குறைவது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவு தேவை என்று வைத்துக்கொண்டால், எழுபது கிலோ ஆளுக்கு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம், உளுந்திலும் அவ்வளவே. உளுந்தங்கஞ்சி, வேகவைத்த கடலை, மீன், முட்டை, தயிர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட்டால் டப்பாப் பொடி தேவைப்படாது.

கடைசி இரண்டு வாரம்

ஏழாம் வாரத்தில் பக்கத்து அணியுடனோ உங்களுக்குள்ளேயோ இருமுறை ஆடிப் பாருங்கள். ஊதல் தெரிந்த நடுவர் இருக்க வேண்டும். எட்டாம் வாரத்தில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் மோதல் கூடாது. இந்த வாரத்தில் கூடுதலாக உழைத்து உடலை வளர்க்க முடியாது, களைக்க வைக்கத்தான் முடியும். திருச்சிக்கோ சென்னைக்கோ போய் ஆடுவதானால் முந்தைய மாலையே போய்ச் சேருங்கள். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்து காலையில் இறங்கி ஓடிய அன்றுதான் எங்களுக்குப் பின்தொடைக் கிழிவுகள் அதிகம் நேர்ந்தன.

முதல் போட்டியில் புதியவரை இரண்டாம் பாதியில், ஓரத்து இடத்தில், சில நிமிடங்களுக்கு மட்டும் இறக்குங்கள். அங்கே ஓடவும் பிடிக்கவும் இடம் இருக்கும், நெரிசல் இருக்காது. ஆட்டம் முடிந்த மறுநாள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, தலைவலி உண்டா, தூக்கம் வந்ததா, எந்தக் கை தூக்க முடியவில்லை என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த வாரப் பயிற்சியில் யாருக்கு என்ன தருவது என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.